நான்கு நிமிடம் பதினோரு வினாடி

சுகாதாரப் புள்ளிவிவரத் துறையின் இயக்குநருக்கு எந்தக் கதவும் நான்கு நிமிடம் பதினோரு வினாடிக்கு முன்னால் திறக்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு. முதலில் மறுத்தது குளியலறைக் கதவு. தலையில் தண்ணீர் சொட்ட, இடுப்பில் துண்டோடு அவர் தாழ்ப்பாளை நீக்கினார். தாழ்ப்பாள் நீங்கியது, கதவு அசையவில்லை. தோளால் இடித்தார், மனைவியைக் கூப்பிட்டார். மனைவி வெளியிலிருந்து தள்ளியும் இழுத்தும் பார்த்துவிட்டு, "உள்ளே பூட்டிக்கிட்டு என்கிட்ட கத்தினா நான் என்ன பண்றது?" என்று அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அதன் பிறகு கதவு எண்ணெய் போட்டது போலத் தானாகத் திறந்துகொண்டது. அடுத்து துணி அலமாரி. அடுத்து வாசல் கதவு. காரில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு மற்றவர்களுக்கெல்லாம் திறந்து, இவர் காலை எடுத்து வைக்கும்போது மட்டும் மூடிக்கொண்டது. கடைசியாக அவருடைய சொந்த அறை. ஏழு தடவை. உள்ளே போய் உட்கார்ந்ததும் வருகைப் பதிவேட்டில் தன் கையாலேயே இருபத்தொன்பது நிமிடம் பதினேழு வினாடி தாமதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாமதத்தை வினாடிவரை எழுத வேண்டும் என்பது அவரே போட்ட உத்தரவு.

அந்தத் துறைக்கு இருந்தது ஒரே வேலை. ஊரில் நடக்க முடியாதவர்கள், கேட்காதவர்கள், பார்வை இல்லாதவர்கள், கை விளங்காதவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்குப் புண், யாருக்கு இருமல், யாருக்கு மூச்சிரைப்பு என்று வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. எழுதியதைக் கணினியில் ஏற்றினால் தெருவாரியாக ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவ வண்டி ஊரைச் சுற்றும். வண்டியில் ஒரு நர்ஸ், மருந்துப் பெட்டி, கொதிக்க வைத்த துணிகள். பட்டியலில் ஒரு தெருவுக்கு நேராக ஒன்று என்று இருந்தால் வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பும். பூஜ்ஜியம் என்றிருந்தால் நேராகப் போய்விடும். வருடாவருடம் பூஜ்ஜியங்கள் கூடிக்கொண்டே போவதை இயக்குநர் ஊரின் ஆரோக்கியம் கூடுவதாக எடுத்துக்கொண்டார். தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில் "பதிவானதுதான் நடந்தது" என்று நீலப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். ஊழியர்கள் அவருக்குப் பின்னால் அவரைப் பூஜ்ஜியம் சார் என்றார்கள்.

கணினியில் ஏற்றுகிற வேலை தரைத்தளத்து ஜன்னலில்லாத கூடத்தில் நடந்தது. அங்கே ஒன்பதாம் எண் மேசையில் இருந்தவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அவள் விரல்கள் விசைப்பலகையில் போகிற சத்தம், பக்கத்து மேசைகளில் தண்ணீர் டம்ளரை நடுங்க வைக்கும் அளவுக்கு ரயில் சத்தமாக இருந்தது. பதினோரு வருடத்தில், படிவத்தில் இல்லாத ஓர் எண்ணைக்கூட அவள் தட்டியதில்லை. அவளுக்கு ஒரு தங்கை. அப்பா அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் இருவர்தான். தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலமில்லை. இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை கட்டி, ஒரு கம்பை ஊன்றி நடப்பாள். அக்கா எக்ஸ்பிரஸ் என்றால் தான் கூட்ஸ் வண்டி என்று அவளே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டாள். அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும்: "கூட்ஸ் வந்துக்கிட்டு இருக்கு! சிக்னல் போடு!" அக்காவிடம் சாவி இருந்தது. இருந்தும் அவள் தட்டிவிட்டு நிற்பாள். கதவைத் திறந்துவிடுகிற வேலையைத் தங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு முறை சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. மூன்று தட்டு தட்ட வேண்டும். மனசுக்குள் அறுபதுவரை எண்ண வேண்டும். கதவு திறக்கவில்லை என்றால் அதன் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, படிவத்தில் ஏழு என்று எழுத வேண்டும். ஏழு என்றால் வீடு பூட்டியிருந்தது, ஆளில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வீடு. முப்பத்தொன்பது முடித்தால் மெமோ. நடக்க முடியாதவர்களைக் கணக்கெடுக்க, ஓடி வந்து கதவைத் திறப்பவர்களுக்கான நேரத்தை விதித்திருக்கிறோமே என்று அந்தத் துறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உத்தரவைப் போட்டவர், எழுதியவர், அச்சடித்தவர், எடுத்துப் போனவர் என்று எல்லோருடைய காலும் நன்றாக இருந்தது.

முதல் வருடம் தங்கை கதவைத் திறந்தபோது அதன் மேல் பெருக்கல் குறி விழுந்திருந்தது. தெருமுனையில் ஒரு முதுகு திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட்டாள். பக்கத்தில் லேத் பட்டறை, அதன் சத்தத்தில் அவள் குரல் வாசற்படியைத் தாண்டவில்லை. அன்று மாலை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "நான் வீட்டுல இல்லையாம்க்கா. அப்போ காலையில போட்டு வெச்ச பாத்திரத்தையெல்லாம் யாரு கழுவினா?" பிறகு இருவரும் சமையலறைக் கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்தார்கள். கட்டிலில் எழுந்து உட்கார, ஐந்து வார்களை இழுத்துக் கட்ட, கம்பை ஊன்றி நிற்க, கூடத்தைக் கடந்து வாசலுக்கு வர நான்கு நிமிடம் பதினோரு வினாடி. சாதனையை உடைக்கிறேன் பார் என்று தங்கை இன்னொரு தடவை நடந்தாள். நான்கு நிமிடம் பதினோரு வினாடி. மூச்சு வாங்க மூன்றாவது தடவை. அதேதான். "கூட்ஸ் வண்டி லேட்டாப் போகும், ஆனா டயத்துக்குப் போகும்" என்றாள்.

இரண்டாம் வருடம் அவள் ஓர் அட்டையில் "உள்ளே ஆள் உண்டு. மெதுவாக வரும். காத்திருக்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் தொங்கவிட்டாள். சாக்பீஸ்காரர் அதை முழுவதும் படித்தார். அட்டைக்கென்று படிவத்தில் கட்டம் இல்லாததால் அட்டையின் மேலேயே பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் வருடம், வருகிற திங்கட்கிழமை கணக்கெடுப்பு என்று அறிவித்திருந்தார்கள். அவள் காலையிலேயே பட்டை கட்டிக்கொண்டு ஒரு மர நாற்காலியைக் கதவுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினால் தாழ்ப்பாள். திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஒன்பது நாள் அப்படியே காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தாள். "போதும்டி, கழட்டிட்டுப் படு" என்று அக்கா சொன்னால், "நான் எந்திரிக்கிற நேரம் பாத்துத்தான் வருவாங்க, எனக்குத் தெரியாதா?" என்பாள். பட்டையும் பலகையும் சேர்ந்து அரைத்ததில் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்தது. பத்தாம் நாள் வலி தாங்காமல் பட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். அன்றுதான் மூன்று தட்டுச் சத்தம் கேட்டது.

புண் ஆழமாகப் போனது. தினமும் ஒருவர் வந்து கழுவிக் கட்டினால் ஆறிவிடும், அதற்குத்தானே வண்டி இருக்கிறது என்றார் மருத்துவமனை டாக்டர். எக்ஸ்பிரஸ் வண்டிக்கு எழுதிப் போட்டாள். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது தடவையும் எழுதினாள், அதே பதில் வேறு தேதியில் வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மாடிப்படி ஏறி இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் பட்டியலைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். "பாரும்மா, உன் தெரு. பூஜ்ஜியம். பட்டியல்ல இல்லாத வீட்டுக்கு நான் வண்டி அனுப்பினா, நாளைக்கு ஆளாளுக்கு அக்கா தங்கச்சின்னு வந்து நிப்பாங்க."

"சார், அவ வீட்டுலதான் இருக்கா. நான் காலையில சோறு குடுத்துட்டு வந்திருக்கேன்."

"இருக்கட்டும்மா, யாரு இல்லைன்னா? அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்."

தங்கை நாற்பத்தோரு நாள் இருந்தாள். எக்ஸ்பிரஸ் தானே கழுவினாள், தானே கட்டினாள். தட்டச்சில் பறக்கிற விரல்கள் அந்த வேலையில் தடுமாறின. கடைசி வாரம் காய்ச்சலில் தங்கை யாரோ கதவைத் தட்டுகிறார்கள், பட்டையை எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா ஒவ்வொரு தடவையும் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் யாரும் இல்லை.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள், தங்கையின் மரணத்தையாவது பதிய வேண்டும் என்று மறுபடி மாடி ஏறினாள். ஆண்டறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரி இருந்தது: மாற்றுத்திறனாளிகளில் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள், பூஜ்ஜியம். அதை ஒன்று என்று மாற்றச் சொன்னாள். இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை, சின்னப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லித் தருகிறவரைப் போலப் பேசினார். "கணக்குக்குள்ள வராதவங்க கணக்கை விட்டுப் போக முடியாதும்மா. பூஜ்ஜியத்துல ஒண்ணை எப்படிக் கழிக்கிறது, நீயே சொல்லு." அடுத்த வாரம் அந்தப் பூஜ்ஜியத்துக்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஊழியர்களுக்கு ஆளுக்கு ஒரு கேக் துண்டு வந்தது. எக்ஸ்பிரஸ் தன் துண்டை மேசையிலேயே வைத்துவிட்டாள், எறும்புகள் அதை மூன்று நாள் தின்றன.

மூன்றாம் நாள் சாக்பீஸ்காரர் படிவக் கட்டோடு கூடத்துக்கு வந்தார். ஐம்பது வயது, வெயிலில் கறுத்த மனிதர். எறும்புகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அம்மா, அந்த லேத் பட்டறைக்குப் பக்கத்து வீடு உங்க வீடாம்மா? எனக்குத் தெரியாது." அவள் தலையை ஆட்டினாள். "உள்ளே யாரோ வர்ற சத்தம் கேட்டுச்சும்மா. மூணு வருஷமும் கேட்டுச்சு. கதவுல காதை வெச்சேன். கட்டில் கிரீச்சிடுற சத்தம், இரும்பு இழுபடுற சத்தம். ஆனா அறுபது ஆயிடுச்சு." கட்டிலிருந்து மூன்று படிவங்களை உருவிக் காட்டினார். பெயர் கிடையாது, தெரு கிடையாது, கணக்கெடுப்புக்கென்று துறை வீட்டுக்குக் கொடுத்த ஒரு எண் மட்டும்: இருநூற்றுப் பதினான்கு. எதிரே ஏழு. மூன்று படிவங்களின் மூலையிலும் ஏற்றியவர் எண் ஒன்பது என்று இருந்தது. ஏறுவது யாருடைய வீடு என்று தெரியாமல், மூன்று வருடமும் தன் தங்கை வீட்டில் இல்லை என்று தட்டியவை அவளுடைய விரல்களே.

அந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடம் காலியானபோது எக்ஸ்பிரஸ் அதிகாரிகள் குடியிருப்பின் பதிவைத் திறந்தாள். முதல் வீடு இயக்குநருடையது. நிலை என்ற கட்டத்தில், ஆள் உண்டு என்பதற்காக இருந்த ஒன்று என்ற எண்ணை அழித்துவிட்டு ஏழு என்று தட்டினாள். குறிப்பு என்ற கட்டத்தில் "நான்கு நிமிடம் பதினோரு வினாடி காத்திருக்கவும்" என்று தட்டினாள். படிவத்தில் இல்லாத ஒன்றை அவள் ஏற்றியது அதுதான் முதல் தடவை. ஏதாவது நடக்கும் என்று நினைத்துச் செய்யவில்லை. காறித் துப்ப இடமில்லாதவர்கள் செய்வது போல அவளுக்குத் தெரிந்த இடத்தில் துப்பினாள், அவ்வளவுதான். ஆனால் அது பதிவாகிவிட்டது. பதிவானது மறுநாள் காலை எட்டு மணிக்கு நடந்தது.

இயக்குநர் முதலில் தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் கதவுகளை இழைத்தார், கீல்களை மாற்றினார், கடைசியில் வாசல் கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். கதவில்லாத வாசலிலும் காற்று அவர் மூக்குக்கு நேரே பலகை போல நின்றது. தச்சர் உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு, "கதவுல குறை இல்ல சார். நிலையிலயும் இல்ல. வர்ற ஆள்லதான்" என்றார். இடையில் பொறுமை இழந்து நகர்ந்தால் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பதை இயக்குநர் கழிப்பறை வாசலில் கற்றுக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டியும் கதவுதான். மருந்து அலமாரியும் கதவுதான். மேசை இழுப்பறை கதவில்லை என்று தெரிந்ததும் அவர் வேட்டி சட்டையிலிருந்து பல் துலக்கும் பிரஷ்வரை எல்லாவற்றையும் இழுப்பறைக்கு மாற்றிக்கொண்டார். கூட்டங்களுக்கு அவர் போய்ச் சேரும்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குத் தெரியாத ஒன்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவர் தட்டியதும், வீட்டுக்குள்ளே யாரும் இல்லாத பக்கத்திலிருந்து ஒரு சத்தம் தொடங்கும். முதலில் கட்டில் கிரீச்சிடும். பிறகு வார் இழுபடும், ஒன்று, இரண்டு, ஐந்து. பிறகு கம்பு ஊன்றும் சத்தம், இரும்பு உரசும் சத்தம், கால் இழுபடும் சத்தம், மறுபடி கம்பு. வாசலுக்கு வந்து நிற்கும், தாழ்ப்பாள் நீங்கும், கதவு திறக்கும். யாரும் இருக்க மாட்டார்கள். வெளியே நிற்கிற இயக்குநருக்கு ஒரு துளியும் கேட்காது. முதல் வாரம் அவர் மனைவி பயந்தாள். இரண்டாம் வாரம், கதவை உதைத்துக்கொண்டிருந்த கணவரிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "சும்மா இருங்க, வர்றாங்க. கால் முடியாதவங்க போல இருக்கு. இப்படி உதைச்சா அவங்களுக்கு என்னமோ ஏதோன்னு பதறாதா?" மூன்றாம் வாரம், வீட்டில் தன்னைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் வேலை அதிகம், பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று சொல்லி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இயக்குநர் அறையைக் கூட்டுகிற அம்மா ஒருநாள் அவர் வரும் நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கீழே வந்து தேநீர் நேரத்தில் கம்பு, இரும்பு, இழுவை என்று வாயாலேயே செய்து காட்டினாள். எக்ஸ்பிரஸின் விரல்கள் நின்றன. பதினோரு வருடத்தில் வேலை நேரத்தில் அந்தக் கூடம் அப்படி அமைதியானது அதுவே முதல் தடவை. அன்று முழுவதும் அவள் ஒரு படிவமும் ஏற்றவில்லை.

கணினிப் பராமரிப்பாளர் பதிவைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் ஆனது. இயக்குநர் அவளை மாடிக்கு வரச் சொன்னார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "ஒன்பதாம் எண், நீதானே? அழி அதை."

"பதிவாயிடுச்சே சார்."

"பொய்யாப் பதிஞ்சிருக்கேம்மா! நான் வீட்டுலதானே இருக்கேன்!"

"இருங்க சார், யாரு இல்லைன்னா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஏழுன்னு பதிஞ்சதை மேசையில உக்காந்து மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் உத்தரவு போட்டிருக்கீங்க. மறுபடி ஆள் போய்த் தட்டணும். அறுபது எண்ணுறதுக்குள்ள கதவு திறந்தா மாத்தலாம். வேணும்னா சாக்பீஸ்காரரை அனுப்புறேன்."

அவரே அனுப்பச் சொன்னார். மறுநாள் காலை சாக்பீஸ்காரர் குடியிருப்புக்குப் போய் மூன்று தட்டு தட்டினார். இயக்குநர் கதவுக்குப் பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கதவு உள்ளேயிருந்தும் அவருக்குத் திறக்காது என்பதை அந்தக் கணம்வரை அவர் யோசித்திருக்கவில்லை. சாக்பீஸ்காரர் எண்ணத் தொடங்கினார். "இருக்கேன்யா! உள்ளேதான் இருக்கேன்! போயிடாதே!" என்று இயக்குநர் கத்தினார், கதவில் அறைந்தார், நகத்தால் பிறாண்டினார். சாக்பீஸ்காரர் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது என்று முடித்தார். "உள்ளே சத்தம் கேக்குது சார். ஆனா அறுபது ஆயிடுச்சு" என்றார். தேக்குக் கதவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அன்று அவருக்கு இன்னும் முப்பத்தொன்பது வீடு பாக்கி இருந்தது.

இயக்குநருக்கு மிஞ்சியது ஒரே வழி, விதியை மாற்றுவது. அன்றே அறுபது என்பதை முந்நூறு என்று திருத்தி உத்தரவு போட்டார். தனக்காகத்தான் போட்டார், இதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உத்தரவு என்று வந்துவிட்டால் அது எல்லா ஏழுகளுக்கும் பொருந்தும். பழைய ஏழிலிருந்து வரிசையாகத்தான் மறுபடி தட்ட வேண்டும். ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு வீடுகள் இருந்தன, இயக்குநர் வீடு கடைசி. முந்நூறு எண்ணி, திறந்தவர்களிடம் கேட்டும் எழுதினால் நாளைக்கு ஆறேழு வீட்டுக்கு மேல் ஓடவில்லை. நூறாவது எண்ணிலும் இருநூற்று ஐம்பதாவது எண்ணிலும் கதவுகள் திறந்தன. சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், சுவரைத் தடவிக்கொண்டு வந்தவர்கள், தட்டியது கேட்காமல் தற்செயலாகத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டவர்கள், இருமலை முடித்துவிட்டு வந்தவர்கள் என்று அறுநூற்று எழுபது பேர் பட்டியலில் ஏறினார்கள். மருத்துவ வண்டி அதுவரை போகாத தெருக்களுக்குள் திரும்பியது. முப்பத்தொன்பது வீடுகளில், நீங்கள் தேடுகிறவர் இப்போது இல்லை என்றார்கள்.

இருநூற்றுப் பதினான்காம் எண் வீட்டின் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எக்ஸ்பிரஸ் உள்ளே தங்கையின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் நான்கு எட்டு வைத்தால் வாசல். சாக்பீஸ்காரரை முந்நூறும் எண்ண விட்டாள். பிறகு போய்த் திறந்து, "எழுதிக்கோங்க. இப்ப இல்லை" என்றாள். அவர் மரணம் என்று எழுதினார், அந்த முப்பத்தொன்பதோடு சேர்த்து நாற்பது. சாக்பீஸை எடுக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து இயக்குநர் வீட்டு முறை வந்தது. நான்கு பதினொன்றில் கதவு திறந்தது, சாக்பீஸ்காரர் ஒன்று என்று எழுதினார், படிவம் கூடத்துக்கு இறங்கி வந்தது. ஏழு என்று பதிந்த வீடுகளின் மறுபதிவெல்லாம் முதலில் ஏற்றியவரிடமே போக வேண்டும் என்பது இன்னொரு உத்தரவு. எக்ஸ்பிரஸ் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரு விசையைத் தட்டினால் போதும். அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். மூன்று தட்டு தட்டினார். எக்ஸ்பிரஸ் சமையலறையில் இருந்தாள். பின்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. ஒரு வார் இழுபட்டது. இரண்டாவது. மூன்றாவது வார் எப்போதும் ஒருமுறை வழுக்கும், வழுக்கியது. அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். கம்பு ஊன்றியது, இரும்பு உரசியது, கால் இழுபட்டது. கூடத்தின் நடுவில் உடைந்த தரை ஓட்டில் கம்பு தடுமாறி நின்று, சுற்றிப் போயிற்று. எக்ஸ்பிரஸ் பக்கத்திலேயே, தொடாமல், மூச்சுக்கூட விடாமல், கதவுவரை கூடவே நடந்தாள். தாழ்ப்பாள் நீங்கியது. வாசலில் இயக்குநர் வியர்த்துப்போய் நின்றார்.

"உன் தங்கச்சி பேரைச் சேர்த்துடுறேன்ம்மா. அறிக்கையையும் திருத்துறேன். என்னை விட்டுடு" என்றார். அவள் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. "எழுதிக் கொண்டு வாங்க சார். பாக்கலாம்."

மறு செவ்வாய்க்கிழமை கொண்டு வந்தார். நான்கு நிமிடம் பதினோரு வினாடி நின்று காகிதத்தைக் கொடுத்தார். தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள், நாற்பது. முதல் வரியில் வீட்டு எண் இருநூற்றுப் பதினான்கு. கீழே அவர் கையெழுத்து. கேடயத்தைத் திருப்பி அனுப்பியதற்கான ரசீதும் பின்னால் குத்தியிருந்தது. அவள் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். சரியாக இருந்தது. "அப்போ என் படிவத்தை ஏத்திடுவியாம்மா?" என்று அவர் கேட்டார். அந்த ஒரு வருடத்தில் அவர் அவ்வளவு பணிவாக யாரிடமும் கேட்டதில்லை.

"அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம் சார்" என்றாள். "வாரா வாரம் வந்து ஞாபகப்படுத்துங்க. இல்லைன்னா மறந்துடுவேன்."

அவர் வாரா வாரம் வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று வரவில்லை. மறுநாள் அவர் வீட்டுத் தேக்குக் கதவில் புதிதாக ஒரு சாக்பீஸ் பெருக்கல் குறி இருந்தது, அதன் பிறகு தவறவில்லை. வருடங்கள் போயின. ஊர் அதற்குப் பழகிவிட்டது. கடைக்காரர்கள் அவரை வாசலில் பார்த்தால் கேட்காமலே சரக்கை வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். லேத் பட்டறைக்காரர் செவ்வாய்க்கிழமை அவர் தலை தெரிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். அந்த நான்கு நிமிடத்தில் பட்டறை ஆட்கள் தேநீர் குடிப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் இரக்கப்பட்டு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டான். எக்ஸ்பிரஸ் வெளியே வந்து முக்காலியை எடுத்துப் பட்டறை வாசலில் திருப்பி வைத்தாள். "வர்றவ நின்னுக்கிட்டுத்தானே வர்றா" என்றாள்.

அவருக்குக் கால் நடுங்கத் தொடங்கிய வருடத்தில், கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர் கேட்டார்: "உள்ளே அப்படி என்னதான்ம்மா கேக்குது? எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே." கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் கம்பு உடைந்த ஓட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கும் முடி நரைத்திருந்தது. கைப்பையில் மடித்த படிவம் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

"கூட்ஸ் வந்துக்கிட்டு இருக்கு சார்" என்றாள் உள்ளேயிருந்து. "நில்லுங்க."